இடைவெளி இல்லாத கோப்புகள்

பகல் பதினொன்றரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். இறந்துபோன பொறியாளரின் அண்ணன்; ஓய்வுபெற்ற நில அளவையாளர், வீட்டிலும் வெளியிலும் 'பெரியவர்' என்றே அழைக்கப்படுபவர். பொறியாளரின் மனைவி. அவர்களுடைய ஒரே மகள். மகளின் கணவன், மாமனாரின் அலுவலகத்திலேயே நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனவன். நீதிமன்றப் பதிவறையில் இருபத்தாறு ஆண்டுகள் காகிதத்தோடு காகிதமாகக் கிடந்து, அதற்குப் பின் துப்பறியும் தொழிலுக்கு வந்த அம்மையார். அவருடைய உதவியாளர். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே யாரோ நின்று ஒட்டுக் கேட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. அந்த வீடு நான்காவது மாடியில் இருந்தது.

உதவியாளர் தன்னைக் 'கொசுறு' என்று அறிமுகம் செய்துகொண்டார். அம்மையாரை வேலைக்கு அமர்த்தினால் கூடவே இலவசமாக வருபவர் என்பதால் தானே தனக்கு வைத்துக்கொண்ட பெயராம். நாற்பது வயதிருக்கும். எதைப் பார்த்தாலும் ஒரு சொல் சொல்லாமல் அடங்காத வாய். பெரியவருக்கு முதல் பார்வையிலேயே அந்த வாய் பிடிக்கவில்லை.

"மூணு மணிக்கு விசாரணை," என்றார் பெரியவர். உட்காரவில்லை; சாவு நடந்த வீட்டில் அந்நியர் முன்னால் சாய்ந்து உட்காருவது அவர் வழக்கமில்லை. "அதுக்கு முன்னால நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அந்தப் பொண்ணு சொல்ற மாதிரி ஒரு குறிப்பு இங்க வரவே இல்லன்னு. அவ்வளவுதான் வேலை."

"இல்லாததை இல்லன்னு சொல்ல ஒரு வரி எதுக்குங்க? வெள்ளைத் தாளே போதுமே," என்றார் கொசுறு.

"சும்மா இருங்க," என்றார் அம்மையார், திரும்பிப் பார்க்காமலே.

விஷயம் இதுதான். எட்டு மாதங்களுக்கு முன்பு, திறந்து ஒன்பது வாரமே ஆன ஒரு நூலகத்தின் கூரை மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் இடிந்து விழுந்தது. அடியில் நின்றிருந்த காவலாளி அங்கேயே இறந்தார். கட்டடத்தை வடிவமைத்தவர் பெரியவரின் தம்பி. அடுத்த மூன்றாம் மாதம் தம்பியும் நெஞ்சுவலியில் போய்விட்டார். இப்போது விசாரணைக் குழுவின் முன்னால் மிஞ்சி நிற்பவள் அவருடைய அலுவலகத்தில் படம் வரைந்த வரைவாளர். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் அவள் கையெழுத்து இருந்தது. கூரையில் தண்ணீர் தேங்கும், ஆபத்து என்று ஐயாவுக்கு எழுதிக் கொடுத்தேன் என்று அவள் சொன்னாள். எழுதியதைக் காட்டு என்றார்கள். அவளிடம் இல்லை. இன்றும் காட்டாவிட்டால் பழி அவள் தலையில் விழும். தொழிலும் போகும், சிறைக்கும் போக நேரும். காட்டிவிட்டால் பெரியவர் வீட்டின் பெயர் போகும்.

போன வாரம் பெரியவர் அந்த அலுவலகத்துக்கே போய், பதினோரு பேர் வேலை செய்துகொண்டிருந்த கூடத்தின் நடுவில் நின்று, "நீ சொல்றது பொய். செத்தவன் எழுந்து வந்து பேசமாட்டான்ங்கிற தைரியத்துல சொல்ற பொய்," என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தார். அவர் குரல் உயரவில்லை. அவர் குரல் எப்போதும் உயராது.

அவருக்கு அவ்வளவு உறுதி வந்ததற்குக் காரணம் இருந்தது. தம்பிக்குக் கட்டடங்களால் வந்த பெயரைவிடக் கோப்புகளால் வந்த பெயர் பெரியது. அவருடைய கணினித் திரை கழுவித் துடைத்த தரைபோல இருக்கும். ஒரு கோப்புகூட வெளியே கிடக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள், வேலையின் பெயர், கடைசியில் வரிசை எண். எண்ணை அவர் மட்டும்தான் போடுவார். குறிப்பு யாரிடமிருந்து வந்தாலும் அவர் கைக்கு வந்து, எண் வாங்கி, பூட்டப்பட்ட பிறகு உள்ளே இருக்கும் ஒரு எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது. தேடி எடுக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் அதை அவமானமாக நினைப்பவர். வேறு அலுவலகக்காரர்கள் வந்து இந்த முறையைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

பெரியவர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் கொசுறு பெருமூச்சு விட்டார்.

"என் கம்ப்யூட்டர்ல 'கடைசி', 'ரொம்பக் கடைசி', 'சத்தியமா இதுதான் கடைசி'ன்னு மூணு ஃபைல் இருக்கு. மூணுலயும் வேற வேற சமாசாரம். உங்க தம்பிகிட்ட வேலைக்கு வந்திருந்தா முதல் வெள்ளிக்கிழமையே என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பார்."

"வெள்ளிக்கிழமைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று மருமகன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"சும்மா வாய்க்கு வந்தது சார். ஏன்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசை மேசையா வருவார். ஒரு ஃபைல், ஒரு இடம். அதுதான் அவர் சட்டம். அனுப்பின பிறகு நம்மகிட்ட காப்பி இருக்கக் கூடாது. இருந்தா அவர் முன்னாலயே அழிக்கணும்."

அம்மையார் கைப்பேசியை எடுத்தார். வரைவாளரின் எண்ணை அழுத்தி, குரல் எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். பெரியவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் குரலோடு ஒரே அறையில் இருப்பதுகூட அவருக்குச் சம்மதமில்லை.

"அம்மா, மூணே கேள்வி. குறிப்பு அனுப்பின தேதி ஞாபகம் இருக்கா?"

"பதினொன்னு. போன வருஷம் ரெண்டாம் மாசம் பதினொன்னு. என் பையன் பிறந்தநாள், அதனால மறக்கல."

"என்ன எண் போட்டார்?"

"எண் சார் போடுறது. எங்களுக்குச் சொல்லமாட்டார்."

"உங்க காப்பி?"

"வெள்ளிக்கிழமை சார் என் நாற்காலிக்குப் பின்னால நின்னார். நான் அழிச்சேன். நல்ல பொண்ணுன்னு சொன்னார்."

"கேட்டீங்களா?" என்றார் பெரியவர், அழைப்பு முடிந்ததும். "எதைக் கேட்டாலும் கையில எதுவும் இல்ல. சரி, நீங்க ஃபைலைப் பாருங்க."

மகள் தந்தையின் கணினியைத் திறந்து கொடுத்தாள். நூலக வேலைக்கு மொத்தம் அறுபத்தொரு குறிப்புகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அறுபத்தொன்று வரை அணிவகுப்புபோல வரிசையாக நின்றன. நடுவில் ஓர் எண்கூட விட்டுப்போகவில்லை.

"ஒண்ணை எடுத்திருந்தா அங்க ஓட்டை இருக்கும்," என்றார் பெரியவர். "இருக்கா? நாப்பத்திரண்டைத் திறங்க. திறப்பு விழாவுக்கு முன்னால கட்டடக் குழு எல்லாக் குறிப்புக்கும் நகல் கேட்டாங்க. என் தம்பி அனுப்பின கடிதம் அது. படிங்க."

அம்மையார் படித்தார்: "'இத்துடன் ஒன்று முதல் நாற்பத்தொன்று வரையான குறிப்புகளை அனுப்பியுள்ளேன். இவற்றைத் தவிர வேறு குறிப்புகள் இல்லை.' கையெழுத்து."

"போதுமா?"

"போதும்போலத்தான் இருக்கு," என்றார் அம்மையார். பிறகு, போதாதவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அரை மணி நேரம் கதவு, சன்னல், படிக்கட்டு, கழிவறைக் குழாய் என்று ஓடியது. பெரியவர் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். கொசுறு கொட்டாவி விட்டார்.

"முப்பத்து மூணுல என்ன சொல்றார் கேளுங்க," என்றார் அம்மையார். "'வாசிப்புக்கூடத்துக் கதவுகளுக்கு முப்பதாம் குறிப்பில் சொன்ன நிறமே போதும்.' கொசுறு, முப்பதைத் திறங்க."

கொசுறு திறந்தார். "முன்வாசல்ல நடவேண்டிய மரக்கன்னு. மொத்தம் பன்னிரண்டு." கழுத்தை நீட்டி இன்னொரு முறை பார்த்தார். "மரக்கன்னு நிறத்துல கதவா மேடம்? பச்சையும் மண்ணுமா ரெண்டும் கலந்து அடிச்சிருப்பாங்களோ?"

"இருபத்தொன்பதைத் திறங்க."

"ஆங். கதவுக்குப் பழுப்பு நிறம். இங்க இருக்கு."

"ஒரு எண் தள்ளிப்போயிருக்கு," என்றார் அம்மையார். "அவசரத்துல தப்பா அடிச்சிருப்பாரோ?"

"என் தம்பி எண்ணுல தப்புப் பண்ண மாட்டான்," என்றார் பெரியவர். "பன்னெண்டு வயசுல என் நில அளவைக் கணக்கை வாங்கித் திருத்தினவன் அவன்."

அம்மையார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஓர் இரக்கம் இருந்ததைப் பெரியவர் கவனித்தார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனாலதான் மிச்சத்தையும் பார்க்கிறேன். முப்பத்தேழு, முப்பத்து நாலைப் பாருன்னு சொல்லுது. அவர் சொல்ற விஷயம் முப்பத்து மூணுல இருக்கு. நாப்பது, இருபத்தஞ்சைப் பாருன்னு சொல்லுது. அது இருபத்து நாலுல இருக்கு. ஆனா இருபத்தெட்டு, இருபத்து மூணைப் பாருன்னு சொல்லுது. போய்ப் பார்த்தா இருபத்து மூணு சொன்ன இடத்துலயே இருக்கு."

"புரியல," என்றாள் மகள்.

"வரிசையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்க. இருபத்து மூணு பேர் அவங்கவங்க இடத்துல. அதுக்குப் பின்னால இருக்கிறவங்க எல்லாரும் ஒரு நாற்காலி முன்னால நகர்ந்து உட்கார்ந்திருக்காங்க. ஏன்?"

"நடுவுல ஒருத்தர் எழுந்து போயிட்டார்," என்றார் கொசுறு. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "வெளிய இருக்கிற பேரை மாத்தலாம். உள்ள பூட்டின எழுத்தை மாத்த முடியாது. அதான் பேர் ஒண்ணு சொல்லுது, உள்ள ஒண்ணு சொல்லுது."

"இருபத்து மூணோட தேதி ஒன்பது," என்றார் அம்மையார். "இப்ப இருபத்து நாலுன்னு நிக்கிறதோட தேதி பதினாலு. அந்தப் பொண்ணு சொன்ன பதினொன்னு ரெண்டுக்கும் நடுவுல. பழைய இருபத்து நாலு அதுதான்."

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி நகர்ந்து, எச்சரிக்கை ஒலியை அடித்துக்கொண்டே இருந்தது.

பெரியவர் மருமகனைப் பார்த்தார். அவனாகத்தான் இருக்க வேண்டும். அவனாக இருந்துவிட்டால் எவ்வளவோ நல்லது. அவன் இந்த வீட்டுக்கு வந்தவன். இந்த வீட்டில் பிறந்தவன் இல்லை.

"மாப்பிள்ளை. என் தம்பிமேல உங்களுக்கு இருந்த கோபம் எனக்குத் தெரியும். அவன் பேரைக் கெடுக்கணும்னு..."

"பேரைக் கெடுக்கணும்னா நான் அந்தக் குறிப்பை ஊர் பூரா ஒட்டியிருக்கணும் மாமா. எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?" மருமகன் கசப்பாகச் சிரித்தான். "நான் போன அன்னைக்குச் சாயங்காலமே பாஸ்வேர்டை மாத்திட்டார். அதுலயும் ஒழுங்கு."

"அப்ப நீயா?" பெரியவர் மகள் பக்கம் திரும்பினார். "அப்பா போனப்புறம் இதையெல்லாம் அடுக்கி வெச்சவ நீதானே?"

"பெரியப்பா! நான் எங்க ஃபோட்டோவை மட்டும்தான் எடுத்துக்கிட்டேன். இதைத் தொட எனக்கென்ன தெரியும்? என்னைப் போய்..." அவள் அழத் தொடங்கினாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் யாரையும் குதற வேணாம்," என்றார் அம்மையார். "பெரியவர் எனக்குக் காட்டின கடிதத்துலயே பதில் இருக்கு. அதை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்."

நாற்பத்திரண்டாம் கோப்பு மறுபடி திரைக்கு வந்தது.

"எண்ணிப் பாருங்க. இருபத்து நாலு எழுந்து போறதுக்கு முன்னால மொத்தம் நாப்பத்திரண்டு குறிப்பு இருந்திருக்கணும். ஒண்ணு போனா நாப்பத்தொன்னு. 'ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை, இவற்றைத் தவிர வேறு இல்லை.' இதை எழுதும்போதே எண்ணெல்லாம் மாறியாச்சு. எழுதினது யார்? கையெழுத்து யாரோடது? இதுக்குப் பின்னால வந்த குறிப்பையும் பாருங்க. அம்பத்திரண்டு, மரக்கன்னுக்கு முப்பதைப் பாருன்னு சொல்லுது. முப்பதுல மரக்கன்னு இருக்கு. அதுக்கப்புறம் ஒரு எண்கூடத் தப்பல. புது வரிசை அவருக்கு நல்லாவே தெரியும். எண்ணுல தப்புப் பண்ணாத மனுஷன்."

பெரியவர் அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார். கொசுறு சட்டென்று அதை அவருக்குப் பின்னால் நகர்த்தியிருந்தார்.

கூரை இடிந்த பிறகு பயத்தில் மறைத்திருந்தால்கூட ஒரு மனிதனின் பலவீனம் என்று சொல்லியிருக்கலாம். இது அப்படி இல்லை. கூரை நின்றுகொண்டிருந்தபோதே, காவலாளி உயிரோடு இருந்தபோதே, ஒரு நல்ல நாளில், நிதானமாக, பதினெட்டுக் கோப்புகளுக்குப் பெயர் மாற்றி உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொன்றாக. தப்பில்லாமல்.

"அழிச்சிருப்பார்," என்றான் மருமகன்.

"உங்க வீட்டுக்காரர் எதையாவது அழிச்சுப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று அம்மையார் பொறியாளரின் மனைவியைக் கேட்டார்.

"மத்தவங்க நகலை அழிக்க வைப்பார். அசலை அழிச்சு நான் பார்த்ததே இல்ல. கல்யாணத்துக்கு முன்னால வாங்கின செருப்புக்கு ரசீது இன்னும் இருக்கு."

"அப்ப எங்கயோ இருக்கு. எந்த வேலையும் அதுக்குரிய இடத்துல இருக்கணும்னு நினைச்ச மனுஷன். செய்ய விருப்பமில்லாத வேலையை எந்த இடத்துல வைப்பார்?"

மனைவி புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினாள்.

"வீட்டு ஃபோல்டர்ல 'பிறகு'ன்னு ஒண்ணு இருக்கும். நான் ஏதாவது கேட்டா, 'பிறகுல போட்டுட்டேன்'பார். போட்டுட்டா அதோட அது தீர்ந்த மாதிரி. நானும் பேசாம இருந்துடுவேன்."

மகள் திறந்தாள். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். எல்லாவற்றுக்கும் ஆண்டு, மாதம், நாள், எண். ஒன்றிலும் பிழையில்லை.

மனைவிக்குக் கண் பரிசோதனை: ஆறு ஆண்டுகளாகக் கிடந்தது. சமையலறைச் சுவரில் ஈரம். மகளின் முதல் ஓவியக் கண்காட்சிக்கு அழைப்பிதழ். அவள் அந்த வரியைத் தாண்ட முடியாமல் விரலை எடுத்துவிட்டாள். கொசுறு மெல்லக் கையை நீட்டி அவளுக்குப் பதிலாக உருட்டினார். மருமகனின் விலகல் கடிதம், அதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற குறிப்போடு. அதற்கும் கீழே, பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில், 'அண்ணன், கடிதம், ஒன்று'.

"அதைத் திறக்க வேணாம்," என்றார் பெரியவர்.

அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தம்பியோடு சண்டை போட்ட பிறகு, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை குனிந்து எழுதிய கடிதம். நான் அன்று பேசியது தவறு, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்று மூன்று வரி. பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று பதினோரு ஆண்டுகளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதையே நம்பி, தம்பி செத்தபோது முன்னால் நின்று எல்லாம் செய்தார். கடிதம் தொலையவில்லை. எண் போட்டு, படமெடுத்து, பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

"மேடம்," என்றார் கொசுறு. "நூலகம். இருபத்து நாலு. தேதி பதினொன்னு."

அம்மையார் படித்தார். வரைவாளர் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தாள். கூரையிலிருந்து மழைநீர் இறங்க நான்கு குழாய்கள் வேண்டும். செலவைக் குறைக்க இரண்டாக ஆக்கியிருக்கிறோம். பக்கத்து மரங்களின் இலைகள் அந்த இரண்டையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். ஒரு முழம் தண்ணீர் தேங்கினால் அந்தப் பாரத்தைக் கூரை தாங்காது. தயவுசெய்து நான்காக மாற்ற அனுமதி தாருங்கள். என் கணக்கு தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

அதன் கீழே பொறியாளர் தட்டச்சு செய்து பூட்டிய ஒரே வரி: 'கணக்கு சரி. திறப்புக்குப் பிறகு பார்க்கலாம்.'

மணி ஒன்று நாற்பது.

"நீங்க கேட்ட வரியை என்னால எழுத முடியாது," என்றார் அம்மையார். "என் வேலை இதோட முடிஞ்சது. கண்டுபிடிச்சதை உங்ககிட்ட கொடுத்துட்டேன். நீங்கதான் என்னை அமர்த்தினவர்."

"அப்படின்னா?" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்படின்னா இது நம்ம கையில இருக்குன்னு அர்த்தம். பெரியப்பா, இது எங்க வீட்டு ஃபோல்டர். இது இருக்கிறது இந்த ஆறு பேருக்குத்தான் தெரியும். ஒரு பட்டன். அவ்வளவுதான்."

"அவரே போயிட்டார் அத்தான்," என்றாள் தம்பி மனைவி. "பேராவது மிஞ்சட்டுமே. எனக்கு வேற என்ன இருக்கு?"

"அந்த வாட்ச்மேனுக்கும் ஒரு வீடு இருக்கும்ங்க," என்றார் கொசுறு. யாரும் அவரைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

பெரியவர் திரையைப் பார்த்தார். 'கணக்கு சரி.' இரண்டே சொற்கள். அந்தப் பெண் கேட்டதற்கு அவன் நேர்மையாகத்தான் பதில் எழுதியிருக்கிறான், அவளுக்குக் காட்டாமல். அவரோ பதினோரு பேர் முன்னால் நின்று அவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எழுபத்து மூன்று வயதில், நிமிர்ந்த முதுகோடு, சுத்தமான சட்டையோடு.

"ரெண்டு பிரதி எடு," என்றார்.

"பெரியப்பா..."

"எடுன்னு சொன்னேன்."

"அப்பாவைக் காட்டிக் கொடுக்கப் போறீங்க. சொந்தத் தம்பியை."

"உங்கப்பன் எண்ணை மாத்தினான். வாய் திறந்து பொய் சொன்னது நான். அவன் பொய்யாவது ஃபைலுக்குள்ள கிடந்தது. என் பொய் ஒரு கூடம் நிறைய நிக்குது. அதை நான் திரும்ப எடுக்காம இருந்தா, இந்த வீட்டுக்குப் பேருன்னு சொல்லிக்க என்ன இருக்கு? சொல்லு."

அவள் அச்சிடும் பொத்தானை அழுத்தினாள். அச்சுப்பொறி இரண்டு தாள்களைத் துப்பியது. பெரியவர் இரண்டின் பின்புறத்திலும் தன் பெயரை எழுதி, 'என் தம்பியின் கணினியில் இருந்தது, என் முன்னிலையில் எடுக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். மருமகன் காரின் சாவியை எடுத்தபோது கையமர்த்தித் தடுத்தார்.

"வேணாம் மாப்பிள்ளை. உங்களை நான் சந்தேகப்பட்டேன். அதுக்கு இன்னொரு நாள் பேசறேன். இப்ப நான் தனியாத்தான் போகணும்."

தம்பி மனைவி வாசல்வரை வந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் படியிறங்குவதற்கு முன்பே அந்தக் கதவு சாத்தப்பட்டது அன்றுதான்.

விசாரணை அலுவலகத்தின் நீண்ட நடையில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. வரைவாளர் அதில் உட்கார்ந்திருந்தாள்; மடியில் ஒரு கைப்பை, அதன்மேல் இரண்டு கைகளும். பெரியவரைக் கண்டதும் அவள் உடம்பு சுருங்கியது. அவர் அவளைத் தாண்டிப் போய், சாளரத்தில் இருந்த எழுத்தரிடம் ஒரு தாளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கினார். மணி இரண்டு நாற்பது. திரும்பி வந்து மற்றத் தாளை அவளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். மேலே தன் எழுத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கடைசி வரியில் வெகுநேரம் நின்றாள்.

"கணக்கு சரின்னு எழுதியிருக்கார்," என்றாள்.

"ஆமா."

"நான் எட்டு மாசமா ராத்திரி ராத்திரி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன் சார். எங்கயாவது தப்பா இருந்துடக் கூடாதான்னு. தப்பா இருந்தா அந்த ஆளு வேற ஏதோ காரணத்துல செத்தார்னு ஆகிடும்ல?"

பெரியவருக்குக் கையைக் கூப்பத் தெரியவில்லை; அந்தக் கைகள் அதற்குப் பழகியவை இல்லை. நின்றபடியே சொன்னார்:

"நாளைக்குக் காலையில உங்க அலுவலகத்துக்கு வரேன். அன்னைக்கு இருந்தவங்க எல்லாரும் இருக்கட்டும். நான் சொன்னது பொய்யின்னு நானே சொல்றேன்."

"வாங்க, வராம இருங்க. நான் அங்க இருக்கமாட்டேன்." அவள் தாளை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, பூட்டினாள். "இதை நான் யாருக்கும் அழிச்சுக் காட்டமாட்டேன் சார்."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள். பெஞ்சு காலியாக இருந்தும் பெரியவர் உட்காராமல், விசாரணை முடிந்து கதவு திறக்கும்வரை, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. வரைவாளர்மேல் குற்றமில்லை என்று அதில் இருந்தது. யார்மேல் குற்றம் என்றும் இருந்தது. மருமகன் பழைய கோபத்தில் மாமனாரின் கணினியைத் திருடிக் கொண்டுபோய்க் குழுவிடம் கொடுத்துவிட்டான் என்றும், அந்த அதிர்ச்சியில் பெரியவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்றும் சொந்தக்காரர்கள் நடுவே ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. மருமகன் எதையும் தொடவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தவர் பெரியவர். அவர் படுக்கவும் இல்லை.